விரல்கள் குவிந்துகொண்டது ஏன்? ஒலிக்குளியலுக்குப் போன வாசகிக்கு ஒரு மனநல மருத்துவரின் பதில்

வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

வயது 43. கணக்குப் பிரிவில் வேலை. இரண்டு வருடமாகப் பதற்றம், விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு, அப்புறம் தூக்கமே இல்லை. எட்டு மாதமாகக் காலையில் பதற்றத்துக்கான எஸ்சிட்டலோபிராம் 10 மில்லிகிராம், இரவில் அமைதிப்படுத்தும் மாத்திரையான குளோனாசிபாம் 0.25 மில்லிகிராம் எடுக்கிறார். பாதிக்கு மேல் குணம் தெரிகிறது. தோழி சொல்லி சவுண்ட் பாத் என்ற ஒலிக்குளியல் வகுப்புக்குப் போயிருக்கிறார். பாயில் படுத்து, கண்ணை மூடி, போர்வை போர்த்தி, ஒருவர் கிண்ணங்களையும் காங் என்ற பெரிய உலோகத் தட்டையும் ஒலிக்க வைக்க, ஒரு மணி நேரம் கேட்பது. மூன்று வகுப்பும் பிரமாதம். "குறட்டை விட்டதாகப் பக்கத்துப் பாய்க்காரர் சொன்னார், வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது" என்று எழுதுகிறார்.

நான்காவது வகுப்பில் கூடவே பிரீத்வொர்க். வாயால், இடைவெளி விடாமல், வேகமாக நாற்பது நிமிடம் மூச்சு விடச் சொல்லியிருக்கிறார்கள். பத்து நிமிடத்தில் உதடு மரத்துவிட்டது, முகம் குறுகுறுத்தது, இரண்டு கையும் மணிக்கட்டில் மடங்கி விரல்கள் பறவை அலகு மாதிரிக் குவிந்துகொண்டன. பிரிக்க முடியவில்லை. பக்கவாதம் வந்துவிட்டது என்றே நினைத்திருக்கிறார். பயிற்றுநர் நெஞ்சில் கையை வைத்து அழுத்தி, "விடுங்க, உள்ளே அடைஞ்சு கிடக்கிற விஷமெல்லாம் வெளியே வருது" என்றாராம். வாசகி தேம்பித் தேம்பி அழுதார். இரண்டு நாள் உடம்பு பஞ்சு மாதிரி லேசாக இருந்தது. மூன்றாம் நாள் அலுவலக லிஃப்டில் திடீரென்று மூச்சு முட்டி, நெஞ்சு படபடத்து, செத்துவிடுவோம் என்ற பயம். அது முதல் லிஃப்டில் ஏறுவதில்லை.

இது "குணமாகும்போது வரும் நெருக்கடி", இன்னும் ஆழமாகப் போனால் சரியாகும், மாத்திரை உணர்வுகளை அடைத்து வைக்கிறது, நிறுத்திவிடுங்கள் என்பது பயிற்றுநரின் விளக்கம். அதோடு மூன்று நாள் தங்கிச் செய்யும் முகாம் ஒன்றுக்குப் பாதிப் பணமும் வாங்கிவிட்டார். கணவர் ஒரேயடியாக, "பாத்திரம் தட்டுறதுக்கு ஒரு வகுப்பா?" என்கிறார். போகலாமா, மாத்திரையை நிறுத்தலாமா, எனக்குள் அப்படி என்ன விஷம் இருக்கிறது என்று கேட்கிறார் வாசகி.

கையெழுத்துக்குக் கீழே ஒரு பின்குறிப்பு: "என் மகனுக்கு 15 வயது. சின்ன வயதிலிருந்து சில விநாடி வெறித்துப் பார்க்கும் வகை வலிப்பு, மருந்து சாப்பிடுகிறான். இந்த மூச்சுப் பயிற்சி அவனுக்கும் நல்லது என்றார்கள். வீட்டில் என்னோடு இரண்டு நாள் செய்தான். முகாமுக்கு அவனையும் அழைத்துப் போகலாம் என்றிருக்கிறேன்."

கடிதத்தில் அவசரமான செய்தி அந்தப் பின்குறிப்பில்தான் இருக்கிறது, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மகனுக்கு இது வேண்டவே வேண்டாம்

உங்கள் மகனுக்கு முன்பு மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இஇஜி எடுத்திருப்பார்கள். தலையில் ஒயர்களை ஒட்டிப் படுக்க வைத்து, நடுவில் பரிசோதனை எடுக்கும் பெண்ணோ பையனோ, "தம்பி, நல்லா வேகமா மூச்சு விடு, ஊது, ஊது, நிறுத்தாதே" என்று மூன்று நிமிடம் சொல்லியிருப்பார்களே, நினைவிருக்கிறதா? சிலர் கையில் ஒரு காகிதக் காற்றாடியைக் கொடுத்து ஊதச் சொல்வார்கள். பிள்ளை சமர்த்தாக ஊதுகிறானே என்று நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்திருப்பீர்கள். வேகமாக மூச்சு விட்டால் இந்த வகை வலிப்பு கிளம்பும் என்பது தெரிந்துதான், இயந்திரத்தில் அது பதிவாகட்டும் என்று வேண்டுமென்றே அதைக் கிளப்பிப் பார்த்தார்கள். மருந்து தொடங்காத பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு அந்த மூன்று நிமிடத்துக்குள்ளேயே வந்துவிடும். மருத்துவர்கள் பக்கத்தில் நின்றுகொண்டு மூன்று நிமிடம் மட்டும் செய்வதை, ஓர் இருட்டு அறையில் நாற்பது நிமிடம் செய்யச் சொல்கிறார் உங்கள் பயிற்றுநர்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று நான் சொல்லவில்லை, இது அவருக்குத் தெரிந்திருக்காது. தெரியாதவர் வலிப்புக்கு ஆலோசனை சொல்லக் கூடாது, அவ்வளவுதான். வீட்டில் செய்த அந்த இரண்டு நாளும் மகன் எப்படி இருந்தான், பேச்சு நடுவில் நின்றதா, கண் இமை படபடத்ததா, கையிலிருந்த பொருள் நழுவியதா என்று யோசித்து ஒரு தாளில் எழுதிவைத்து, அவனைப் பார்க்கும் நரம்பியல் மருத்துவரிடம் இந்த வாரமே சொல்லுங்கள். வலிப்பு மருந்தில் ஒரு வேளைகூடத் தவற வேண்டாம். படுத்துக்கொண்டு மெல்லிய ஓசை கேட்பதில் பொதுவாக அவனுக்குச் சிக்கல் இருக்காது, ஆனால் ஒலியோ இசையோ கேட்டால் வலிப்பு வரும் அபூர்வமான வகையும் உண்டு என்பதால் அதையும் அவரிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

உங்கள் கைக்கு என்ன ஆயிற்று

விஷம் ஏதும் வெளியே வரவில்லை. நாற்பது நிமிடத்தில் உங்களை விட்டு அளவுக்கு மீறி வெளியேறியது கார்பன் டை ஆக்ஸைடு, அதுவும் உங்களுக்குத் தேவையான கார்பன் டை ஆக்ஸைடு.

கார்பன் டை ஆக்ஸைடு என்றாலே கழிவு என்று பள்ளியில் படித்துவிட்டோம். உண்மையில் ரத்தத்தின் அமிலத்தன்மையைச் சரியான இடத்தில் பிடித்து வைத்திருப்பதில் அதற்குப் பெரிய பங்கு. நிதானமாக இருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார், தமனி ரத்தத்தில் அந்த வாயுவின் அழுத்தம் 35 முதல் 45 மில்லிமீட்டர் பாதரச அளவில் நிற்கிறது. உடம்பு ஓடவில்லை, சுமக்கவில்லை, சும்மா படுத்திருக்கிறது, ஆனால் மூச்சு மட்டும் ஓட்டப்பந்தயம் ஓடுகிறது என்றால் அந்த அளவு சில நிமிடங்களில் சரிந்துவிடும். ரத்தம் காரத்தன்மை பக்கம் சாயும். அப்படிச் சாயும்போது, ரத்தத்தில் தனியாக உலவிக்கொண்டிருக்கும் கால்சியத்தில் ஒரு பகுதி புரதத்தோடு போய் ஒட்டிக்கொள்கிறது. மொத்தக் கால்சியம் குறையவில்லை, ஆனால் நரம்புக்குக் கிடைப்பது குறைகிறது. நரம்புகள் தொட்டாற்சிணுங்கி ஆகி, தாமாகத் துடிக்கத் தொடங்கும். முதலில் உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் குறுகுறுப்பு, அப்புறம் தசைப்பிடிப்பு. மணிக்கட்டு உள்பக்கம் மடங்கி, விரல்கள் நீண்டபடியே ஒன்றாகக் குவிந்து, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போய்விடும். பழைய மருத்துவ நூல்களில் இந்த நிலைக்கு 'மகப்பேறு மருத்துவரின் கை' என்றே பெயர், பிரசவம் பார்ப்பவரின் கை அப்படித்தான் குவிந்திருக்கும் என்பதால். நீங்கள் எழுதிய பறவை அலகு அதேதான். எந்தக் கவலையும் இல்லாதவர், வாழ்க்கையில் ஒரு துக்கமும் பாராதவர் அந்தப் பாயில் படுத்து அப்படி மூச்சு விட்டாலும் அவர் கையும் குவியும். அதில் உங்கள் கடந்த காலத்துக்கு ஒரு சம்பந்தமும் இல்லை.

இன்னொன்று: "செல்லுக்குச் செல் ஆக்ஸிஜன் நிரம்புகிறது" என்றார்களாம். நுரையீரல் நன்றாக இருக்கும் ஒருவர் விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டிப் பாருங்கள், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 95க்கு மேல் காட்டும். ஏற்கனவே நிரம்பிய குடத்தில் எவ்வளவு ஊற்றினால் என்ன? தவிர, கார்பன் டை ஆக்ஸைடு குறைந்தால் ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைத் திசுக்களுக்கு எளிதில் விட்டுக்கொடுக்காது, மூளையின் ரத்தக் குழாய்களும் சுருங்கும். கடுமையாக மூச்சு வாங்கும்போது மூளைக்குப் போகும் ரத்தம் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறையலாம். தலை கிறுகிறுப்பதும், உடம்பு மிதப்பதும், சிலருக்குக் காட்சிகள் தெரிவதும் இதனால்தான் என்று சொல்லலாம். அதாவது நிரப்புகிறோம் என்று சொல்லிக்கொண்டே மூளைக்குக் குறைக்கிறார்கள்.

இந்த முறையின் பிறப்பே அந்த மிதப்பைத் தேடித்தான். மாயக்காட்சிகளைத் தரும் எல்எஸ்டி மருந்தை வைத்து ஆய்வு செய்துகொண்டிருந்த ஸ்தானிஸ்லாவ் குரோஃப் என்ற மனநல மருத்துவர், அந்த மருந்துக்குத் தடை வந்த பிறகு, 1970களில் மனைவி கிறிஸ்டினாவோடு சேர்ந்து ஹோலோட்ரோபிக் பிரீத்வொர்க் என்று ஒன்றை உருவாக்கினார். வேகமான மூச்சு, உரத்த இசை, நீண்ட நேரம். உங்கள் வகுப்பில் நடந்தது அதன் சாயல்தான். இயல்பு நிலையிலிருந்து ஆளைக் கிளப்புவதற்கென்றே வந்த முறையை, உடம்பும் மனசும் ஓய்வெடுக்க என்று சொல்லி விற்றால் என்ன செய்வது?

அழுகையும் லிஃப்டும்

அழுததைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அந்த அழுகை பொய் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு வருடம் தூங்காத மனுஷி, கை வேறு இழுத்துக்கொண்டு, செத்துவிடுவோம் என்று பயந்து, பக்கத்தில் ஒருவர் அழு அழு என்று சொன்னால் அழத்தான் செய்வார். அழுத பிறகு லேசாக இருப்பதும் இயல்பு. ஆனால் அழுதால் குணமாகிறது, அழாவிட்டால் அடைத்துக்கொண்டிருக்கிறது என்ற கணக்கை வைத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கணக்கில் நடத்துபவர் ஒருநாளும் தோற்கவே மாட்டார். நன்றாக இருந்தால் அவர் முறை வேலை செய்கிறது, மோசமானால் இன்னும் ஆழமாகப் போக வேண்டும்.

லிஃப்டில் வந்தது பேனிக் அட்டாக், அதாவது திடீர்ப் பீதித் தாக்குதல். அது வந்த வழியும் எனக்குத் தெளிவாகவே தெரிகிறது. வகுப்பில் மூச்சு வேகம், மரமரப்பு, மரண பயம் மூன்றும் ஒன்றாக வந்தன. உங்கள் மூளை அவற்றைச் சேர்த்து முடிச்சுப் போட்டு வைத்துவிட்டது. அப்புறம் லிஃப்டின் புழுக்கத்தில் மூச்சு கொஞ்சம் வேகமானதும், ஐயோ அதேதான் என்று பயம், பயத்தில் இன்னும் வேகமான மூச்சு, அதனால் மறுபடி மரமரப்பு, அதைப் பார்த்து மேலும் பயம். செக்கு மாடு மாதிரி சுற்றிச் சுற்றி.

வேடிக்கை என்னவென்றால், பேனிக் சிகிச்சையிலும் நாங்கள் நோயாளியை வேண்டுமென்றே வேகமாக மூச்சு விடச் சொல்வது உண்டு. சுமார் ஒரு நிமிடம். முதலிலேயே, "இப்போது உதடு மரக்கும், தலை சுற்றும், இது கார்பன் டை ஆக்ஸைடு வேலை, நிறுத்தினால் போய்விடும்" என்று சொல்லி, சேர்ந்து செய்து, அது தானாகப் போவதைக் கூட இருந்து பார்க்க வைப்போம். அந்த உணர்வு ஆபத்தில்லை என்று மூளை கற்றுக்கொள்கிறது. உங்களுக்குக் கிடைத்தது இதன் தலைகீழ்ப் பாடம். ஒன்றும் சொல்லாமல் நாற்பது நிமிடம், நெஞ்சில் ஒரு கை வேறு. கற்றுக்கொண்ட பயத்தை மறக்கச் செய்ய முடியும், இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது, அதனால் லிஃப்டை நிரந்தரமாகக் கைவிட வேண்டாம். எத்தனை நாள் தள்ளிப் போடுகிறீர்களோ அத்தனைக்குப் பயம் தடிக்கும்.

மறுபடி அப்படி வந்தால் ஆழமாக மூச்சை இழுக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாரும் "நல்லா இழுத்து விடு" என்பார்கள், அது எரிகிற அடுப்பில் விறகு வைப்பது. வாயை மூடி, மூக்கால், சின்னதாக, மெதுவாக. வெளியே விடும் மூச்சை மட்டும் நீட்டுங்கள். சில நிமிடத்தில் கை தானே விரியும். காகிதப் பையை மூக்கில் வைத்து மூச்சு விடும் பழைய வைத்தியம் வேண்டாம், ஆஸ்துமாவோ மாரடைப்போ என்று தெரியாமல் அதைச் செய்தால் ஆக்ஸிஜன் குறைந்து ஆபத்தாகலாம். ஒரு பக்கக் கை மட்டும் விழுவது, வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, நெஞ்சில் அழுத்துகிற மாதிரி வலி, இவை வந்தால் மூச்சுக் கணக்கெல்லாம் பார்க்காமல் நேராக அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

மாத்திரையைத் தொடாதீர்கள்

இதில் எனக்கு இரண்டு மனசு இல்லை. எஸ்சிட்டலோபிராமைத் திடீரென்று நிறுத்தினால் சில நாளில் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் சின்னதாக மின்சாரம் பாய்கிற மாதிரி வெட்டு, கெட்ட கனவு, தூக்கமின்மை என்று வரலாம். அதைப் பார்த்ததும், "பாருங்கள், விஷம் வெளியேறுகிறது" என்று சொல்ல ஓர் ஆள் தயாராக இருக்கிறார் என்பதுதான் என் கவலை. குளோனாசிபாம் இன்னும் கறாரானது. மாதக்கணக்கில் எடுத்துவிட்டுச் சட்டென்று விட்டால் தூக்கம் முன்பைவிட மோசமாகும், கை நடுங்கும், சிலருக்கு வலிப்புகூட வரும்.

மாத்திரை உணர்வை அடைத்து வைக்கிறது என்பதில் ஒரு சின்ன உண்மை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். இந்த வகை மருந்தில் சிலர், "அழுகையும் வரவில்லை, சிரிப்பும் பெரிதாக வரவில்லை, எல்லாம் சப்பென்று இருக்கிறது" என்பார்கள். உங்களுக்கு அப்படி இருக்கிறதா? இருந்தால் எழுதிக் கொடுத்தவரிடமே சொல்லுங்கள், அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். குளோனாசிபாமை எப்போது விடுவது என்று நீங்களாகவே கேளுங்கள், எட்டு மாதமாகிவிட்டதால் அது நியாயமான கேள்வி. விடுவதாக முடிவானால் வாரக்கணக்கில் படிப்படியாகத்தான். அந்தப் பேச்சில் உங்கள் மருத்துவர் முகம் சுளித்தால் வேறு மருத்துவரைப் பார்க்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

சரி, கிண்ணங்கள்?

கணவர் கட்சியில் நான் முழுசாகச் சேர மாட்டேன். மூன்று வகுப்பு நன்றாக இருந்தது, நீங்கள் தூங்கினீர்கள், அது நடந்த விஷயம். 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 62 பேரைக் கிண்ண ஒலி கேட்கவைத்து முன்னும் பின்னும் கேள்வி கேட்டார்கள். இறுக்கம், கோபம், சோர்வு எல்லாம் குறைந்திருந்தன. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, ஒலி இல்லாமல் சும்மா படுத்திருந்த இன்னொரு குழு அதில் கிடையாது. அதனால் ஒலியின் பங்கு எவ்வளவு, ஒரு மணி நேரம் போனும் இல்லாமல் யாரும் கூப்பிடாமல் போர்வைக்குள் கிடந்ததன் பங்கு எவ்வளவு என்று அதை வைத்துப் பிரிக்க முடியாது. வேலைக்கும் போய் வீட்டையும் பார்க்கிற ஒரு பெண்ணுக்கு அந்த ஒரு மணி நேரம் வேறு எங்கே கிடைக்கிறது என்று கணவரும் யோசிக்கட்டும்.

ஒலிக்கும் பங்கு இருக்கிறது என்றே நினைக்கிறேன். கிண்ணத்தை ஒருமுறை தட்டினால் நாதம் மெல்லத் தேய்ந்துகொண்டே போகும், எங்கே முடிந்தது என்று தெரியாது. பாட்டும் இல்லை, தாளமும் இல்லை, அடுத்து என்ன வரும் என்று மனசு காத்திருக்க வேண்டியதில்லை. அந்த அலை அலையான அதிர்வுக்கும் காரணம் எளிது: கிண்ணம் துல்லியமான வட்டமாக இருக்காது, அதனால் ஏறக்குறைய ஒரே சுருதியில் இரண்டு ஒலி எழும். ஒன்று 200 ஹெர்ட்ஸ், இன்னொன்று 206 என்றால் விநாடிக்கு ஆறு முறை ஒலி ஏறி இறங்கும். காதுக்கு இதமாக இருக்கிறது. அதைக் கேட்டு மூளை அலைகளும் அப்படியே ஆறுக்கு மாறிவிடும், 432 ஹெர்ட்ஸ் இயற்கையின் சுருதி, 528 மரபணுவைச் சரிசெய்யும் என்றெல்லாம் சொல்வதற்கு நம்பத்தக்க ஆதாரம் கிடையாது. வெள்ளையாகப் பளபளக்கும் படிகக் கிண்ணங்களின் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் தெரியுமா? கணினிச் சில்லுக்குச் சிலிக்கன் உருக்கும் ஆலைகளில் இருந்து. அங்கே உருக்கப் பயன்படும் குவார்ட்ஸ் பாத்திரத்தைத் தட்டினால் நன்றாக ஒலிக்கிறதே என்று யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள். பழைமைச் சாயம் பூசாவிட்டாலும் ஒலி ஒலிதான், எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

ஒரு எச்சரிக்கை. காங்குக்குப் பக்கத்துப் பாயில் படுத்த அன்று இரவு முழுக்கக் காதில் ங்ங்ங் என்று இரைந்ததாகப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது காது போட்ட கூச்சல். 85 டெசிபல் ஓசையை நாளுக்கு எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது வேலையிடங்களில் பின்பற்றும் ஒரு கணக்கு, ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும், 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். பெரிய காங்கை ஓங்கி அடித்தால் பக்கத்தில் இருப்பவருக்கு அது சாதாரணமாக வந்துவிடும். தள்ளிப் படுங்கள், இயர்பிளக் என்ற காதடைப்பான் வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைத் தலைவலிக்காரர்கள், ஏற்கனவே காது இரைச்சல் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

மூச்சை வைத்தே ஓய்வெடுக்க

மூச்சு என்ற வார்த்தையே இனி வேண்டாம் என்று ஓடிவிடாதீர்கள். வேகமூச்சும் மெதுமூச்சும் பெயரில்தான் உறவு, உடம்பில் எதிரெதிர் வேலை. வெளியே விடும் மூச்சு நீளும்போது வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைத் தணிக்கிறது. நாடியில் விரல் வைத்து மெதுவாக மூச்சு விட்டுப் பாருங்கள், உள்ளே இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் விரைவதும் விடும்போது தளர்வதும் விரலுக்கே தெரியும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற வேகத்தில் இது நன்றாகத் தெரிகிறது. 2001இல் இத்தாலியரான லூச்சியானோ பெர்னார்டியும் குழுவினரும், சிலரை ஜெபமாலையும் மந்திரமும் சொல்லவைத்து அளந்து பார்த்தபோது இரண்டிலும் மூச்சு தானாகவே ஏறக்குறைய அந்த ஆறுக்கு வந்து நின்றது. 2023இல் ஸ்டான்ஃபோர்டில் தினம் ஐந்து நிமிடம் வீதம் ஒரு மாதம் பல மூச்சுப் பயிற்சிகளை ஒப்பிட்டார்கள். மனநிலையை அதிகம் தேற்றியது பெருமூச்சுதான்: மூக்கால் ஓர் இழுப்பு, அதன் மேலேயே இன்னொரு குட்டி இழுப்பு, அப்புறம் வாயால் நீளமாக விடுவது.

உங்களுக்கு நான் சொல்வது இன்னும் எளிது. உட்கார்ந்து, மூக்கால் நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுங்கள். ஐந்து நிமிடம். தலை சுற்றினால் அதிகமாக இழுக்கிறீர்கள் என்று அர்த்தம், சின்னதாக்குங்கள். மூச்சைக் கவனித்தாலே இப்போது பயம் வருகிறது என்றால் எண்ணவே வேண்டாம், ம்ம்ம் என்று வாயை மூடி முனகுங்கள், பிரமரி என்று யோகாவில் சொல்வார்களே, அது. முனகும்போது வெளிமூச்சு தானாக நீளும், நினைப்பும் ஓசையில் போய்விடும். ஓய்வெடுக்கப் போனாலே பதற்றம் கூடுகிற ஆட்களும் உண்டு, 1983இலேயே இதற்கு 'தளர்வால் வரும் பதற்றம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அப்படி ஆனால் உங்களிடம் குறை என்று எண்ண வேண்டாம், கண்ணைத் திறந்துகொண்டு செய்யுங்கள், அல்லது நடங்கள். கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமான வகைகளை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். எந்த மூச்சுப் பயிற்சியையும் தண்ணீருக்குள் செய்யாதீர்கள், வேகமாக மூச்சு விட்டுவிட்டு முங்கினால் மூச்சுமுட்டும் எச்சரிக்கை வருவதற்குள் மயக்கம் வந்துவிடும், நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படி இறந்திருக்கிறார்கள்.

மூன்று மணி விழிப்புக்கு இதெல்லாம் துணைதான். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது தூக்கத்துக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று 2016இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பே பரிந்துரைத்தது, மாத்திரைக்கு முன்பே. தினமும் ஒரே நேரத்துக்கு எழுவது, தூக்கம் வராமல் இருபது நிமிடத்துக்கு மேல் புரள்கிற மாதிரி இருந்தால் எழுந்து வேறு இடத்தில் உட்காருவது, படுக்கையில் கிடக்கும் நேரத்தைத் தூங்கும் நேரத்துக்கு ஏற்பக் குறைப்பது. கேட்கச் சின்ன விஷயம், செய்ய நாலைந்து வாரம் ஆகும், முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். பேனிக்குக்கும் இதே வகைச் சிகிச்சை உண்டு என்பதால் இரண்டையும் ஒரே உளவியலாளரிடம் தொடங்கலாம்.

முகாமும் முன்பணமும்

முகாமுக்குப் போக வேண்டாம். தயக்கமில்லாமல் சொல்கிறேன். மருத்துவ ஆலோசனையின் பேரில் வரவில்லை, பணத்தைத் திருப்பித் தரவும் என்று வாட்ஸாப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தாகவே அனுப்புங்கள், ரசீதையும் அவர்கள் முன்பு அனுப்பிய செய்திகளையும் அழிக்காமல் வையுங்கள். தர மறுத்தால் நுகர்வோர் புகார் வரை போகலாம். அதற்கு அந்த எழுத்து வேண்டும். கிடைக்காமல் போனாலும், கட்டிய பணம் வீணாகிறதே என்பதற்காக மட்டும் போய்விடாதீர்கள்.

சாதாரண ஒலிக்குளியலுக்கு மட்டும் மறுபடி போக ஆசையா? போங்கள். ஆனால் முன்கூட்டியே கேளுங்கள்: இன்று வேகமூச்சு உண்டா, இருந்தால் நான் சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டு படுத்திருக்கலாமா, நடுவில் எழுந்து போகலாமா. என்னைக் கேட்காமல் தொட வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள், பயந்து கிடந்த உங்கள் நெஞ்சில் கேட்காமல் கை வைத்து அழுத்தியது தவறு, அதை அவரிடம் சொல்ல உங்களுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது. வேகமூச்சு வகுப்பு நடத்துபவர் வலிப்பு, இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், கர்ப்பம், கண் அழுத்த நோயான க்ளாகோமா, பைபோலார், மனச்சிதைவு, பேனிக் இவற்றைப் பற்றி முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். உங்களிடம் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டது மூன்றாவது நாள், அதுவும் நிறுத்தச் சொல்வதற்காக. அவரைப் பற்றி நான் வேறு எதுவும் சொல்லத் தேவையில்லை.

கணவரிடம் வாதாட வேண்டாம். லிஃப்டில் ஏறிப் பழகும் முதல் நாலைந்து முறை கூட ஓர் ஆள் இருந்தால் நல்லது, அதற்கு அவரைக் கூப்பிடுங்கள். ஒரு மாடி மட்டும் ஏறி இறங்கினால் போதும், "ஆழமா மூச்சு இழு" என்று மட்டும் சொல்ல வேண்டாம் என்று முதலிலேயே சொல்லி வையுங்கள்.